நேரடித் தொகுப்பா, பேச்சுப் பக்கக் கோரிக்கையா?

நிலாவெளி விடுதியொன்றில் வேலை செய்பவர் அதே விடுதி பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு: தானே நேரடியாகத் தொகுப்பது, அல்லது கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (அக்கட்டுரை பற்றி உரையாடும் பக்கம்) மாற்றத்தைப் பிறரிடம் கேட்பது.

நேரடித் தொகுப்பில் சேமித்த உடனே மாற்றம் தெரியும். சம்பளத்துக்காகச் செய்வதென்றால் யாருக்காக, யார் பணத்தில் என்பதைப் பயனர் பக்கத்திலோ பேச்சுப் பக்கத்திலோ தொகுப்புச் சுருக்கத்திலோ (சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) அறிவிக்க வேண்டும். 2014 முதல் இது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. அறிவித்த பிறகும், "திருகோணமலையின் தலைசிறந்த" என்ற ஒரே அடைமொழியால் முழுத் திருத்தமும் நீக்கப்பட்டுப் பழையபடி மீளமைக்கப்படலாம். விடுதியின் பெயரில் கணக்குத் திறக்கவே வேண்டாம்; ஆங்கில விக்கியில் அதற்கே தடை விழும்.

கோரிக்கை மெதுவானது, ஆனால் நிலைக்கும். முதல் வரியில் உங்கள் தொடர்பைச் சொல்லுங்கள். இப்போதுள்ள வாக்கியத்தை அப்படியே ஒட்டி, அதன் கீழே புதிய வாக்கியத்தையும் ஆதாரத்தையும் வையுங்கள். ஆதாரம் நாளிதழாகவோ நூலாகவோ இருக்கட்டும். விடுதியின் பேஸ்புக் பக்கம் எடுபடாது. "கட்டுரையை மேம்படுத்துங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் தொடமாட்டார்கள். தமிழ் விக்கியில் தொகுப்போர் குறைவு. பதில் வராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் ஒரு வரி போடலாம்.

எழுத்துப்பிழை, அப்பட்டமான விசமத்தொகுப்பு (வேண்டுமென்றே கெடுத்தது) என்றால் நேரடியாகவே திருத்தலாம். விருது, சர்ச்சை, உரிமையாளர் விவரம் என்றால் கோரிக்கைதான். கோணேசுவரம் பற்றி அக்கோயிலின் நிருவாகத்தில் இருப்பவர் எழுதினாலும் இதே கணக்கு: சம்பளம் இல்லை என்பதால் நலமுரண் (சொந்த நலன் நடுநிலையோடு மோதுவது) இல்லாமல் போகாது.