உந்தச் சமநிலையிலிருந்து வேகப் பரவல்: ஓர் இணையவழிப் பாடத்தொகுப்பின் மதிப்புரை

வரிச்சீர் ஓட்டத்தில் (அடுக்குகள் கலக்காமல் சீராக நிகழும் ஓட்டத்தில்) பாய்மத்தின் வேகம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதை உந்தச் சமநிலையிலிருந்து வருவிக்கக் கற்றுத்தரும் பாடத்தொகுப்பு ஒன்றை, அதன் கணக்குகள் அனைத்தையும் கையால் போட்டுப் பார்த்து முடித்திருக்கிறேன். பாய்ம இயக்கத்தின் பொதுச் சமன்பாடான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை எழுதி, வேண்டாத உறுப்புகளை அடித்துவிட்டு விடைக்கு வரும் வழியை ஆசிரியர் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறார். பாய்மத்துக்குள் மெல்லிய அடுக்கு ஒன்றை வரைந்து, அதற்குள் புகும் உந்தம், வெளியேறும் உந்தம், அதன்மீது செயல்படும் அழுத்தம், ஈர்ப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நம்மையே எழுத வைக்கிறார். இதுவே சரியான தொடக்கம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சாய்தளத்தில் வழியும் படலத்தைப் பற்றிய முதல் பாடம் தெளிவானது. சராசரி வேகம் உச்ச வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்ற விடை சிரமமின்றி வந்துவிடுகிறது.

தொகுப்பின் உயிர் குழாய் பற்றிய பாடத்தில்தான் இருக்கிறது. வளைய அடுக்கின் உட்புறப் பரப்பும் வெளிப்புறப் பரப்பும் சமமல்ல என்பதால், ஆரத்தையும் சறுக்குப் பெயர்ச்சித் தகைவையும் (அடுக்குகள் ஒன்றையொன்று உரசி இழுக்கும், ஓரலகு பரப்புக்கான விசையையும்) பெருக்கலாகவே வைத்து வகையிட வேண்டும். அவசரப்பட்டு ஆரத்தை வெளியே எடுத்துவிட்டால் தகைவு சரியாக இரு மடங்காகிவிடும். ஆசிரியர் இந்தப் பிழையைத் தாமே செய்துகாட்டிப் பிறகு பிடிக்கிறார்: குழாயின் குறுக்குப் பரப்பின்மீது அழுத்த வேறுபாடு தரும் விசை, சுவர் முழுவதும் எழும் இழுவைக்குச் சமமாக வேண்டும், தவறான விடை அந்தச் சோதனையில் தோற்றுவிடுகிறது. பல வகுப்புகளில் அமர்ந்தும் இந்தச் சோதனையை எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்களின் இடைவெளியில் நிகழும் ஓட்டத்தைப் பற்றிய பாடம்தான் ஏமாற்றம். முந்தைய பாடத்தில், குழாயின் மையத்தில் தகைவு முடிவிலியாக முடியாது என்பதால் தொகையீட்டு மாறிலி சுழியானது. இங்கோ மையத்தில் பாய்மமே இல்லாததால் அந்த வாதம் செல்லாது. மாணவர் தடுமாறும் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். உள் ஆரம் வெளி ஆரத்தில் பாதியாக இருக்கும்போது உச்ச வேகம் வெளி ஆரத்தின் 0.75 பங்கில், அதாவது நடுவில், அமையாமல், 0.736 பங்கில் உட்சுவரை நோக்கிச் சற்றே நகர்ந்திருக்கும் அழகையும் அவர் காட்டவில்லை. வேகப் பரவல் நிலையான வடிவம் பெறுவதற்குள் ஓட்டம் கடக்கும் நுழைவு நீளத்தைப் பற்றியும் பேச்சில்லை. நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் 1000 எனில், விட்டத்தைப் போல 50 முதல் 60 மடங்கு தொலைவு கடந்த பிறகே பரவளையப் பரவல் முழுமை பெறும் என்பதைச் சொல்லாமல் விடுவது குறைதான்.

இருப்பினும், தகைவையும் வேகம் மாறும் வீதத்தையும் இணைக்கும் பாகுநிலை விதியை எந்தக் கணக்கிலும் கடைசியில்தான் புகுத்த வேண்டும் என்ற அவரது ஒழுங்குக்காகவே இத்தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். அதுவரை பெற்ற தகைவுப் பரவல் எந்தப் பாய்மத்துக்கும் பொருந்தும். அதனால் இறுதிப் பயிற்சியில் பற்பசை போன்ற பொருளுக்கு விதியை மட்டும் மாற்றினால் போதும். பாயத் தொடங்கத் தேவையான தகைவு வரம்பை எட்டாத நடுப்பகுதி, வேக மாறுபாடே இல்லாமல் ஒரே கட்டியாக நகர்வது தாளில் தானாகவே வெளிப்படுகிறது.