அப்பாவின் அம்பாசடருக்கு நான் ஊற்றிய மூவாயிரம் ரூபாய் ஆயில்

இந்த முறை ஊரில் இருந்த பதினெட்டு நாளில் நான்கு நாள் ஒரு ஆயில் டப்பாவால் போனது. ஏர்போர்ட், பாங்க் வேலை, பல் டாக்டர் எல்லாம் நன்றாகவே நடந்தன; அவற்றை விடுங்கள்.

பாளையங்கோட்டை வீட்டில் நிற்பது 86 மாடல் அம்பாசடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். அப்பா அதை விற்கவும் மாட்டார், தினம் ஓட்டவும் மாட்டார். போர்ட்டிகோவில் அதன் வயிற்றுக்கு அடியில் அம்மாவின் பழைய முறுக்குத் தட்டு ஒன்று எப்போதும் இருக்கும். சொட்டுகிற ஆயிலைப் பிடிக்க. அம்பாசடர் வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் இருப்பது கனடாவில், எட்மன்டன். ஜனவரியில் மைனஸ் 30 சாதாரணம். ராத்திரி காரின் மூக்கில் தொங்கும் ஒயரைக் கரண்டில் சொருகி இன்ஜினைச் சூடாக வைத்திருக்க வேண்டும். என் வண்டிக்கு 0டபிள்யூ-20 என்ற ஆயில், தண்ணீர் போல இருக்கும். பதினைந்து வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, ஆயில் என்றால் மெல்லியதுதான் உசத்தி என்று மண்டையில் ஏறிவிட்டது. வந்த வினை அதுதான்.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போகாமல், பைபாஸில் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கு வண்டியை விட்டேன். ஏசி, காபி மெஷின், கையில் டேப்லெட்டுடன் ஒரு தம்பி. அவன் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அம்பாசடர் இல்லை. கடைசியில் 'அதர்ஸ்' என்று அழுத்தினான். நாற்பது வருஷம் மந்திரியிலிருந்து மாப்பிள்ளை வரை சுமந்த வண்டி அதர்ஸ்!

"ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 போட்டுடலாம் சார், இன்ஜின் லைஃப் கூடும்."

அப்பா என் காதருகே வந்து, "ஏல, நாம 20-50 தானல ஊத்துவோம்" என்றார். கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலைச் சொல்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, அதெல்லாம் அந்தக் காலம்." இதை எழுதும்போதும் கூசுகிறது. பில் மூவாயிரத்தைத் தாண்டியது, கனடா கணக்கில் ஒன்றுமில்லை என்று கட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வெயில் கொளுத்துகிறது, வண்டி ஐட்லிங்கில் நிற்கிறது, டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைகிறது, விட்டால் மினுக்குகிறது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் காலை முறுக்குத் தட்டு நிரம்பித் தரையில் கோலம்.

சரி என்று அண்ணாச்சியிடமே போனேன். பத்து மணிக்கு வாங்க என்றவர் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். எட்மன்டனில் பத்து நிமிஷம் தாமதமானால் போன் வரும், ஆனால் வேலை நடக்கும் இடத்துக்கு நம்மை விடமாட்டார்கள். இங்கே என் கையில் டார்ச்சைக் கொடுத்துக் காருக்கு அடியில் குனிய வைத்துவிட்டார்.

டிப் ஸ்டிக்கை உருவி, இரண்டு விரலால் ஆயிலைத் தேய்த்து மோந்து பார்த்தார். "தம்பி, குளுருக்கு ஊத்துதத இங்க கொண்டாந்து ஊத்துனா எப்படி?"

அந்த ஒரு வரியில் அடங்கியதை நான் அன்று ராத்திரி உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35 வரை பம்ப்பில் ஏற வேண்டும், 20டபிள்யூவுக்கு மைனஸ் 20 போதும். மார்கழியில் ஸ்வெட்டர் போட்டால் ஊரே சிரிக்கும் பாளையங்கோட்டைக்கு அந்த எண் எதற்கு? இங்கே காரியம் பின்னால் இருக்கும் எண்ணில். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடின் பிசுபிசுப்பு 9.3இலிருந்து 12.5 சென்டிஸ்டோக் வரை, 50 கிரேடுக்கு 16.3இலிருந்து 21.9 வரை. தேய்ந்து இடைவெளி விழுந்த பேரிங்கில் மெல்லிய ஆயில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். பிரஷர் எங்கிருந்து வரும்? விளக்கு மினுக்கியது அதனால்தான்.

ஒழுகியதற்கு வேறு கதை. எட்மன்டன் கடைகளில் 1,20,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளுக்கென்றே ஹை மைலேஜ் ஆயில் வைத்திருப்பார்கள். காய்ந்துபோன ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊறவைக்கும் மருந்து அதில் உண்டு. அடுத்த தடவை அதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். "கிராங்குக்குப் பின்னாடி ரப்பர் சீலே கெடயாது இதுல. மரை மாதிரி ஒரு வெட்டு, அம்புட்டுதான். சுத்துதப்போ எண்ணெய உள்ள தள்ளும். நின்னா சொட்டும்." கிராங்க் என்பது இன்ஜினுக்குள் சுற்றும் தண்டு. இல்லாத ரப்பருக்கு மருந்து வாங்க இருந்தேன்.

மெல்லிய ஆயில் போட்டால் "டாப்பெட் தேயும்" என்றும் சொன்னார். வால்வைத் தூக்கிவிடும் சின்ன உருளைதான் டாப்பெட். அதையும் தேடிப் பார்த்தேன். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) இப்போதைய தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். 20டபிள்யூ-50க்கு அந்தக் கட்டு இல்லை. தட்டை டாப்பெட் உள்ள பழைய இன்ஜினைத் தேயாமல் காப்பது அந்தத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம்தான். நம்ம வண்டியில் கன்வெர்ட்டரும் கிடையாது.

ஆனால் அண்ணாச்சி சொல்வதெல்லாம் வேதம் இல்லை. சித்தப்பா மகனின் புது ஸ்விஃப்ட்டுக்கும் 20-50 ஊற்றலாம் என்கிறார். கூடவே கூடாது, கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் மெல்லிய ஆயில்தான் அதற்கு. சிந்தெடிக் என்றாலே ஒழுகும் என்பதும் பாதி உண்மைதான். கெட்டியான கிரேடிலும் சிந்தெடிக் வருகிறது. தப்பு கிரேடில், அதாவது என்னிடம்.

புது டப்பாவின் சீலை என் கண்முன் உடைத்து ஊற்றினார். ஊற்றி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் டப்பாவில் சதக் சதக்கென்று நாலு குத்து. காலி டப்பா வெளியே போனால் அதில் போலி ஆயில் அடைத்து விற்றுவிடுவார்களாம். அந்தக் குத்தைப் பார்த்து எனக்கு ஏனோ அப்படி ஒரு நிம்மதி; கண்ணாடிக் கட்டடத்தில் என் டப்பாவை யாரும் காட்டவே இல்லை. மூடிக்குள் இருந்த கூப்பனை மட்டும் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார், அதை நானும் பார்த்தேன்.

இறக்கிய ஆயில் பெரும்பாலும் புதுசு, அதை ஒரு கேனில் பிடித்து அப்பாவிடம் கொடுத்தார். டிரம்மில் கிடந்த கறுப்பு ஆயிலை, கதவு நிலைக்குக் கரையான் ஏறாமல் பூச என்று ஒருவர் பாட்டிலில் வாங்கிப் போனார். எட்மன்டனில் பழைய ஆயிலை மறுசுழற்சி மையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரத்துக்கு அறிவுரை சொன்னது போதும்.

கூலி முந்நூறு. கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

"அங்கிருந்து வரும்போது நெத்தியில மாட்டுத லைட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார். "நீங்க டார்ச்ச ஆட்டிக்கிட்டே இருக்கிய."