வீட்டு இணையத்துக்கு வடிகட்டி: நிறுவனம் தருவதா, நாமே வைப்பதா?

மகளுக்குப் பதினொரு வயது. இணையம் இல்லாமல் பள்ளிப் பாடம் நகராது; அதற்காகத் தனியாக விட்டுவிடவும் மனம் வரவில்லை. முதல் நான்கு மாதம் பிராட்பேண்ட் நிறுவனமே தரும் குடும்பப் பாதுகாப்பு வசதியை வைத்திருந்தோம். அப்புறம் ஆகாத தளங்களைத் தடுக்க ரவுட்டரில் நாமே போட்டுக்கொள்ளும் வடிகட்டும் டிஎன்எஸ்ஸுக்கு மாறினோம் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). இன்றுவரை அதுதான் ஓடுகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

நிறுவனத்தின் வசதிக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. கணக்கில் நுழைந்து ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. வடிகட்டி அவர்கள் பக்கம் இருப்பதால், பிள்ளை ரவுட்டரை ரீசெட் செய்தாலும் அது போகாது. ரவுட்டர் அமைப்புக்குள் போகவே தயங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொன்னால் எண் முகவரியைத் தரும் சேவை. வடிகட்டும் டிஎன்எஸ்ஸிடம் ஆகாத தளத்தின் பெயரைக் கேட்டால் உண்மையான முகவரி வராது, அவ்வளவுதான். கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2020-இல் இப்படி இரண்டை இலவசமாக வெளியிட்டது: 1.1.1.2 தீம்பொருள் (கருவியைக் கெடுக்கும் மென்பொருள்) தளங்களைத் தடுக்கும், 1.1.1.3 அவற்றோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும். ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை இப்படி மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. என்னை மாற வைத்தது வேறு: தவறாகத் தடுக்கப்பட்டதைத் திறப்பது யார்?

வடிகட்டி என்று இருந்தால் நல்ல தளமும் சில நேரம் மாட்டும். பிரிட்டனில் பெரிய நிறுவனங்கள் 2013-இல் வடிகட்டிகளைப் பரவலாகக் கொண்டுவந்தபோது பாலியல் கல்வித் தளங்களே தடைபட்டுச் செய்தியானது. எங்கள் வீட்டில் மாட்டியது மனித உடல் பற்றிய ஒரு பாடப் பக்கம். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய வேலை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். புகார் எண் கிடைத்தது, பக்கம் கிடைக்கவில்லை. கடைசியில் மொத்த வடிகட்டியையும் அணைத்தேன். மறுபடி போட மறந்து மூன்று வாரம் வீடு திறந்தே கிடந்தது! திறக்க முடியாத பூட்டைக் கழற்றி எறிவதுதான் மனித இயல்பு போலும். எல்லா நிறுவனமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தது ஒன்றைத்தான்.

அதன் பிறகு முதலில் 1.1.1.3-ஐத்தான் போட்டேன். அதிலும் நாமாக ஒரு தளத்தை அனுமதிக்க வழி இல்லை. அதனால் சில நாளிலேயே நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற இன்னொரு வடிகட்டும் டிஎன்எஸ் சேவைக்குப் போனேன். அதில் கணக்கு வைத்து, அனுமதிப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால் சற்று நேரத்தில் தளம் திறக்கும். இதிலும் பராமரிப்பு உண்டு. வீட்டு இணைப்பின் எண் முகவரி (ஐபி முகவரி) மாறினால் சாதாரண முறையில் இணைத்த ரவுட்டரை மறுபடி இணைக்க வேண்டும். இலவசக் கணக்கில் மாதம் 3,00,000 கேள்விகள்தான் (கருவி ஒரு பெயருக்கு முகவரி கேட்பது ஒவ்வொன்றும் ஒரு கேள்வி). அதைத் தாண்டினால் இணையம் நிற்காது, வடிகட்டல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். கைபேசியில் மாதக் கடைசிக்கு ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

ஓட்டை இரண்டிலும் உண்டு. வைஃபையை விட்டுக் கைபேசி டேட்டாவுக்குப் போனால் வீட்டு வடிகட்டி எதுவும் கூட வராது. இணையப் போக்குவரத்தை வேறொரு வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் போட்டாலும் அதே கதை. ஆண்ட்ராய்டு 9 முதல் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. வடிகட்டும் சேவையின் பெயரை அதில் எழுதிவிட்டால் டேட்டாவிலும் வேலை செய்யும். எங்கள் வீட்டில் ஐபோன் இல்லை, அந்தப் பக்க அனுபவத்தை மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்த தளத்துக்கோ செயலிக்கோ உள்ளே வரும் தெரியாத ஆட்களின் அரட்டையை இரண்டும் தொடாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இணைய நிறுவனங்கள் சமூகத்துக்குச் செய்ததைத் தங்கள் தளத்தில் பெருமையாகப் போடும் சமூக முதலீட்டுப் பக்கத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பள்ளிக்குக் கணினி கொடுத்த படம் இருக்கும், சரி. பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது செய்திருக்கிறார்களா? பிரிட்டனின் நான்கு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 2014-இல் இன்டர்நெட் மேட்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்குப் பெற்றோரைத் தயார்ப்படுத்துவதுதான் அதன் வேலை. எனக்கு அந்த மாதிரிச் செலவு பிடிக்கும். அதோடு அனுமதிப் பட்டியலையும் என் கையில் கொடுக்கும் நிறுவனம் வந்தால் மறுபடி பொத்தானுக்கே திரும்பிவிடுவேன்.

அதுவரை, தடைபட்ட தளத்தின் பெயரை மகள் துண்டுச்சீட்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிறாள். இரவு நான் பார்த்துத் திறக்கிறேன். நேற்றைய சீட்டில் மூன்று பெயர். இரண்டைத் திறந்தேன், ஒன்றைப் பற்றி இன்று பேச வேண்டும்.