‘பை’யா, ‘வித்தின்’னா? இரண்டுமே நமக்கு ‘-க்குள்’தான்

“வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பை ஃபிரைடே’யா, ‘வித்தின் ஃபிரைடே’யா என்று கை நின்றுவிடுகிறதா? பழி நம் ‘-க்குள்’ மேல்தான். அது கிழமையோடும் ஒட்டும், நாள்கணக்கோடும் ஒட்டும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

எதோடு சேரும்?
பை: ஒரு கெடுவோடு. பை ஃபிரைடே, பை ஃபைவ் ஓ கிளாக்.
வித்தின்: ஒரு கால அளவோடு. வித்தின் டூ டேஸ், வித்தின் அன் அவர்.
ஆகவே ‘வித்தின் ஃபிரைடே’ தவறு. நம்மவர்கள் மெயிலில் நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான்.

எங்கிருந்து எண்ணுவது?
பை: எண்ணவே வேண்டாம், கெடு கண்ணெதிரே இருக்கிறது.
வித்தின்: தொடக்கம் தெரிந்தாக வேண்டும். மெயில் போன நேரமா, பணம் கட்டிய நாளா? ‘வித்தின் செவன் டேஸ் ஆஃப் பர்சேஸ்’ என்று நீட்டி எழுதுவது இதனால்தான்.

தூரத்துக்கு?
வித்தின் ஃபைவ் கிலோமீட்டர்ஸ் சரி. ‘பை’ வந்தால் பொருளே வேறு: ‘பை தி ரிவர்’ என்றால் ஆற்றோரம்.

அலுவலக மெயிலுக்கு என் ஓட்டு ‘பை’க்கு, தேதியைச் சொன்னால் சண்டை வராது. ஆளுக்கு ஆள் தொடக்க நாள் மாறும் ரீஃபண்ட், டெலிவரி விதிகளுக்கு ‘வித்தின்’. அப்புறம், ‘வித்தின்’னுக்குப் பதில் ‘இன்’ போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ‘இன் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாள் கழித்து என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.