"லேசாகத்தானே இடித்தது" என்று விட்டுவிடாதீர்கள்

அப்பாவுக்கு 74 வயது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் குனிந்து நிமிரும்போது அலமாரிக் கதவின் முனையில் தலையை இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை, மயக்கமும் இல்லை, லேசாகப் புடைத்து இரண்டு நாளில் வற்றிவிட்டது, நாங்களும் மறந்துபோனோம்.

மூன்று வாரம் கழித்துத் தலைவலி என்றார். அப்புறம் பகலெல்லாம் தூக்கம். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு போய்க்கொண்டிருப்பார். வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் பார்த்துவிட்டு "வயசானா இப்படித்தான்" என்று சொல்லித் தலைசுற்றல் மாத்திரை எழுதினார் மருத்துவர், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு நாள் கழித்து மறுபடி போனபோது அலமாரியில் இடித்ததை நானே ஞாபகப்படுத்திச் சொன்னேன். தலையை எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், உள்ளே கட்டியிருக்கும் ரத்தம் தெரியாது. இது எனக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர்களுக்கும் தெரியாதா?

அடுத்த நாலாவது நாள் இடது கையிலிருந்து ஸ்பூன் நழுவி நழுவி விழுந்தது, எழுப்பினால் கண் திறந்து உடனே மூடிக்கொண்டார். வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே அவசரப் பிரிவு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ஒண்ணு ரெண்டு மாசத்துல தலையில எங்கயாவது அடிபட்டுதா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறாரா?" சி.டி. ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் ரத்தம் பரவி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. அன்று இரவே மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு எடுத்தார்கள், பழைய எண்ணெய் மாதிரி கறுப்பாக வந்ததாம். இப்போது தேறி வருகிறார், ஆனால் அந்தப் பத்து நாள் கோபம் எனக்குத் தீரவில்லை.

வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்கும், மேலே இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், சின்ன இடியில்கூட அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். அதனால்தான் அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாமல் வாரக்கணக்கில் கழித்துத் தெரிகிறது. குழப்பம், தள்ளாட்டம், ஒரு பக்கம் பலம் குறைவது, ஓயாத தூக்கம் என்று வந்தால் வயசு என்று விடாதீர்கள். அடிபட்டதையும் மாத்திரைப் பெயரையும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சி.டி. வேண்டாமா என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் வேறு இடம் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூளையில் திடீரென்று வரும் ரத்தக்கசிவு வேறு மாதிரி. வாழ்நாளில் வராத தலைவலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், வாய் கோணுவது, பேச்சு குழறுவது, வலிப்பு என எது வேண்டுமானாலும் வரலாம். அப்போது ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று இருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதம் என்று நினைத்து யாராவது ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னால் ஸ்கேன் பார்க்கும்வரை கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் அது இன்னும் அதிகமாகிவிடும்.