உச்சி வெயிலில் யானை, காட்டுமாடு, வரையாடு: மேனுவலா, ஆட்டோ ஐஎஸ்ஓவா?

பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிய கோடையில், வெளுத்த மண்ணின் நடுவே தூரத்தில் நிற்கும் யானை படத்தில் கரிக்கட்டையாக விழுகிறது. அதே யானை கிட்டே நடந்து வந்து படச்சட்டத்தை அடைத்ததும் முதுகெல்லாம் வெளுத்துப்போகிறது. வெயில் மாறவில்லை. கணக்கை மாற்றிக்கொண்டது கேமராதான். எதிரில் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுப்பதுதான் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் வேலை. சட்டத்தில் மண் அதிகமானால் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்புத் தோல் அதிகமானால் கூட்டும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு: அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸ் துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்வது) வைத்துக் காம்பன்சேஷன் போடுவது, அதாவது கேமரா போட்ட கணக்கை நாம் கூட்டிக் குறைப்பது; எல்லாவற்றையும் நாமே வைக்கும் முழு மேனுவல்; மேனுவலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) மட்டும் ஆட்டோவில் விடுவது. எந்த மிருகம் என்பதைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்வதுதான் வழக்கம். பார்க்க வேண்டியது வானத்தை. வெயில் நிலையாக நிற்கிறதா, மேகம் ஓடுகிறதா? அதற்கேற்பப் பதில் மாறும்.

அப்பர்ச்சர் பிரையாரிட்டியை முதலிலேயே ஓரம் கட்டிவிடலாம். மேலே சொன்ன கோளாறு அதில்தான் அதிகம் நடக்கிறது. யானை நகர நகர காம்பன்சேஷனையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஷட்டர் வேகமும் நம் கையில் இல்லை. யானை மர நிழலுக்குள் நுழைந்தால் 1/1000 சத்தமில்லாமல் 1/160 ஆகிவிடும். 500 மில்லிமீட்டர் லென்ஸில் அது ஆடிப்போன படம்.

மேகமில்லாத வெயிலுக்கு மேனுவல்

சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் மாசி முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை வெயிலின் அளவில் பெரிய மாற்றமில்லை. அப்படியிருக்க, படத்துக்குப் படம் கேமரா ஏன் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்?

பிலிம் காலத்து வாய்ப்பாடு இங்கே இன்னும் பிசகாமல் வேலை செய்கிறது. தெளிந்த வெயிலில் துளை எஃப் 16 என்றால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400க்கு 1/400. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்; ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது. துளையை எஃப் 8க்குத் திறந்தால் இரண்டு ஸ்டாப் கூடுகிறது, ஆகவே 1/1600. யானை காதை வீசினாலும் மண்ணை வாரித் தூற்றினாலும் உறைய வைக்க இந்த வேகம் போதும். வெறும் மண்ணை ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டவில்லை, அதாவது எதுவும் வெளுத்துப்போகவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். பின்னணியில் தண்ணீர் வந்தாலும் முள்காடு வந்தாலும் தோலின் நிறம் மாறாது. வெயில் பக்கவாட்டில் விழுந்தால் ஒரு ஸ்டாப், மிருகத்தின் முதுகுப்புறம் இருந்தால் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

காட்டுமாடுதான் உண்மையான சோதனை. உடல் எண்ணெய் தேய்த்த கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை. உடலுக்கு அளந்தால் கால் போச்சு, காலுக்கு அளந்தால் உடல் வெறும் நிழல். வாய்ப்பாட்டிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் மட்டும் கூட்டுங்கள், அதாவது 1/1600 என்பதை 1/1000 ஆக்குங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் வெள்ளை அந்த அளவைத் தாங்கும். மீதி இருட்டைக் கணினியில் ஒன்றரை ஸ்டாப் தூக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 400க்குள் இருந்தால் புள்ளிப்புள்ளியாகக் குருணை தெரியாது. ஜேபெக்கில் இந்தச் சலுகை கிடையாது.

சட்டத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை இதற்கு மருந்தாகப் பலர் சொல்வதுண்டு. காட்டுமாட்டின் விலாவில் புள்ளியை வைத்தால் கறுப்பைச் சாம்பலாக்க இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கூட்டிவிடும். அதைத் தெரிந்து கழிக்கத் தெரிந்தவருக்கு மேனுவலே எளிது. நனைந்த யானையில் இன்னும் மோசம், புள்ளி பளபளப்பில் விழுந்தால் ஓர் அளவு, மடிப்பில் விழுந்தால் வேறோர் அளவு. நிக்கான், சோனி கேமராக்கள் பலவற்றில் உள்ள, மிகப் பிரகாசமான இடத்தை வைத்து அளக்கும் ஹைலைட் மீட்டரிங் வெள்ளையைக் காப்பாற்றும். ஆனால் யானைக்குப் பின்னால் தண்ணீர் மின்னினால், அந்த மினுக்கைக் காப்பாற்ற யானையைப் பலி கொடுத்துவிடும்.

ஓடும் மேகத்துக்கு ஆட்டோ ஐஎஸ்ஓ

ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட்டு மேனுவலில் எடுப்பதாகச் சொல்பவர்கள் நிறைய. அளப்பது அப்போதும் கேமராதான், ஆகவே அது மேனுவல் ஆகாது. பவானிசாகரில் அது அப்பர்ச்சர் பிரையாரிட்டி செய்யும் அதே பிழையைத்தான் செய்யும்.

ஆனால் தென்மேற்குப் பருவத்தில் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது கதை தலைகீழ். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது, லோம்ஸ் வியூ பக்கம், வரையாடுகள் சாலையோரப் பாறையிலேயே நிற்கும். வெயில் ஒரு நிமிடம், மூட்டம் மறு நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று ஸ்டாப். மேனுவலில் அதற்கு டயலை ஆறு முதல் ஒன்பது சொடுக்கு திருப்ப வேண்டும். அதற்குள் ஆடு பாறை மாறியிருக்கும்.

இங்கே துளை எஃப் 6.3, ஷட்டர் 1/1250, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 3200 என்று வைத்து மீதியைக் கேமராவிடம் விடலாம். கிடாவின் உடல் கரும்பழுப்பு, முதுகில் வெளிர் சேணம். வெள்ளை மூட்டத்தின் முன் நின்றால் காம்பன்சேஷன் +1, வெயில் பட்ட பாறையின் முன் நின்றால் பூஜ்யம். சில பழைய கேமராக்களில் மேனுவலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்தால் காம்பன்சேஷன் வேலை செய்யாது. மலை ஏறுமுன் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. எஃப் 4 லென்ஸில் 1/1000 வைத்திருக்கும்போது மேகம் விலகினால் ஐஎஸ்ஓ தன் கீழ் எல்லையான 100க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். தேவை 1/1600. மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளுத்துப்போகும், கேமராவும் எண்ணை மினுக்கிக் காட்டுவதோடு சரி. வெயிலுக்கு 1/2000க்குக் குறையாமல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த முறையும் கைகொடுக்காத இடம்

சித்திரை முதல் வாரத்தில் கோவை வட்டாரத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும், மணி 12.20 வாக்கில். யானையின் முதுகு எரியும், வயிறு இருட்டு, கண் புருவ மேட்டின் நிழலுக்குள். சிவந்த மண் கீழிருந்து திருப்பியடிக்கும் வெளிச்சம் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். மார்கழி நடுவில் உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் கண்ணுக்கும் வெளிச்சம் போகும். உச்சிப்பொழுது ஆகாது என்று கேமராவை மூடி வைப்பவர்கள் மார்கழியில் நல்ல இரண்டு மணி நேரத்தை இழக்கிறார்கள்.

கானலும் அப்படித்தான். கோடையில் பத்து மணிக்கு மேல் நீர்த்தேக்க மண்ணில் நூறு மீட்டர் தாண்டினால் காற்று நெளியும். ஃபோகஸ் அலையும், ஷட்டரைக் கூட்டினாலும் கூர்மை வராது. அங்கே 150-600 லென்ஸ் 100-400ஐ விடப் பெரிதாக எதுவும் தராது, நெளிவைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அந்த நேரத்தில் யானையைச் சிறிதாக வைத்து, மலையையும் தண்ணீரையும் சேர்த்து அகலமாக எடுப்பதே புத்தி.

கானல் இல்லாத இடத்திலும் நெளிகிறது என்றால் காரைப் பாருங்கள். ஏசி போட்ட வண்டியின் கண்ணாடியை இறக்கியதும் குளிர்காற்றும் வெயில்காற்றும் லென்ஸின் முன்னாலேயே கலக்கும். பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியைத் திறந்துவிட வேண்டும். இது நிறுத்த அனுமதியுள்ள இடத்துக்கு மட்டும். திம்பம் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி யானைக்கு லென்ஸ் நீட்டுவது எந்த மீட்டரிங்கிலும் சேராது.