பின்னால் இரண்டா, நான்கா? கேரவன் இழுக்கும் பிக்கப் வண்டிகளைப் பற்றி ஒரு பட்டர்வொர்த் லோரிக்காரரின் மதிப்பீடு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கல்யாணக் கூடாரங்களையும் நாற்காலிகளையும் ஏற்றிச் செல்லும் மூன்று டன் லோரி ஒன்றைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதன் பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள் உண்டு. உள் டயருக்குக் காற்றடிப்பதில் உள்ள தொல்லையும், தைப்பூசத்துக்குப் பந்தல் சாமான்களை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது கடற்காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் அந்த நான்கு டயர்கள் தரும் நம்பிக்கையும் எனக்குப் பழக்கமானவை. ஆகவே, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வாழும் என் தங்கையின் கணவர், "மச்சான், கேரவன் இழுக்க இப்போது இருக்கும் ஒற்றை டயர் பிக்கப்பே போதுமா, இரட்டை டயர் வண்டிக்கு மாறட்டுமா?" என்று கேட்டபோது, தொலைபேசியில் பதில் சொல்லாமல், அங்குச் சென்ற ஏழு வாரங்களில் இரண்டு வண்டிகளையும் பார்த்து, எடைபோட்டு, பயணம் செய்த பிறகே சொன்னேன். அந்தப் பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நம் ஊரிலும் கேரவன், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுப் பெட்டி, வாங்கும் எண்ணத்தோடு சிலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஓடும் ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற ஒரு டன் பிக்கப்புகள் அல்ல இவை. ஃபோர்ட் எஃப்-350, ராம் 3500, செவர்லே சில்வராடோ 3500 ஆகிய பெரிய வண்டிகளில்தான் பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா என்று வாங்குபவர் தேர்ந்தெடுக்க முடியும். அவற்றுக்கு ஒரு படி கீழே உள்ள எஃப்-250, 2500 வகைகளில் ஒற்றைச் சக்கரம் மட்டுமே உண்டு. நான் பயணம் செய்த இரண்டு வண்டிகளும் எந்த நிறுவனத்துடையவை என்று குறிப்பிடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப் போகும் நிறையும் குறையும் சக்கர அமைப்பைச் சார்ந்தவை. இரண்டும் நான்கு கதவு, டீசல் எஞ்சின், எட்டடிப் பெட்டி கொண்டவை. நீளம் ஏறத்தாழ 6.7 மீட்டர். ஒற்றைச் சக்கர வண்டி தங்கை குடும்பத்துடையது, இரட்டைச் சக்கர வண்டி அவர்களுடைய நண்பர் இரண்டு வாரங்களுக்கு மனமுவந்து கொடுத்தது.

இழுக்க வேண்டிய கேரவன் ஃபிஃப்த் வீல் வகையைச் சேர்ந்தது. நாம் பொதுவாகப் பார்க்கும் டிரெய்லரைப்போல வண்டியின் பின்முனையிலுள்ள உருண்டைக் கொக்கியில் மாட்டாமல், பிக்கப்பின் பெட்டிக்குள் பின்னச்சுக்கு நேர் மேலே பொருத்திய ஒரு தட்டில் அதன் கழுத்து ஊன்றிக்கொள்ளும். துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுக்கும் பெரிய லோரிகளை நினைத்துக்கொண்டால் போதும். இந்த அமைப்பில் கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வண்டியின் முதுகில் ஏறுகிறது. உருண்டைக் கொக்கியிலோ அது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குதான். இந்த ஊன்றுசுமைதான் முழுக் கேள்விக்கும் விடை சொல்கிறது. விளம்பரங்கள் "இத்தனை டன் இழுக்கும்" என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. இழுப்பது எஞ்சினின் வேலை, அதில் இரண்டு வண்டிகளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தாங்குவது வேறு வேலை, அது ஸ்பிரிங்கும் அச்சும் டயரும் செய்வது.

ஆகவே நானும் தங்கையின் கணவரும் பிள்ளைகளோடு முதலில் நெடுஞ்சாலை ஓரத்தில் லோரிகள் எடை பார்க்கும் மேடைக்குச் சென்றோம். ஒற்றைச் சக்கர வண்டியின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் அனுமதித்த மொத்த எடை 5,216 கிலோ என்று ஒட்டியிருந்தது. நம் லோரிகளின் கதவில் 'பெராட் டெங்ஙான் மூவாத்தான்' என்று எழுதியிருக்குமே, அதற்கு ஒப்பான எண். நான்கு பேர், நிறைந்த டீசல் தொட்டி, ஊன்றுதட்டு, கருவிப் பெட்டி ஆகியவற்றோடு வண்டி 3,850 கிலோ காட்டியது. மீதம் இருந்தது 1,366 கிலோ. தண்ணீரும் சாமான்களும் நிரப்பிய கேரவனின் மொத்த எடை 7,100 கிலோ, அது வண்டியின் முதுகில் ஊன்றிய எடை 1,420 கிலோ. ஆக, எல்லையை 54 கிலோ தாண்டிவிட்டோம். வண்டியைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. பின்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளாக அப்படியே ஓடியிருக்கிறது. தங்கையின் கணவர் அந்தச் சீட்டை நீண்ட நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் அமர்ந்திருந்தார்கள்.

54 கிலோ சிறிய எண்தானே என்று தோன்றும். டயர் கணக்கைப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். அந்த வண்டியில் இருந்தவை 18 அங்குல டயர்கள், அவற்றின் சுமைக்குறியீடு 125, அதாவது ஒரு டயர் தாங்குவது 1,650 கிலோ, இரண்டும் சேர்ந்து 3,300 கிலோ. எடைமேடையில் பின்னச்சு மட்டும் 3,040 கிலோ காட்டியது. இடைவெளி 260 கிலோ. அதுவும் டயரில் காற்று முழு அளவில் இருந்தால்தான். வெயிலில் கொதிக்கும் சாலையில் காற்றுக் குறைந்த டயர் தன் எல்லைக்கு அருகே மணிக்கணக்காக உருண்டால் என்ன ஆகும் என்பதை லோரி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரட்டைச் சக்கர வண்டியில் இருந்தவை அளவில் சிறிய 17 அங்குல டயர்கள், சுமைக்குறியீடு 120/117. இந்த இரண்டு எண்களின் பொருளை நம் ஊரில் லோரி வைத்திருப்பவர்களே பலர் கவனிப்பதில்லை. முதல் எண் டயர் தனியாக நிற்கும்போது தாங்கும் எடை, 1,400 கிலோ. இரண்டாவது எண் ஜோடியாக நிற்கும்போது தாங்குவது, 1,285 கிலோ. ஜோடியாக இருக்கையில் இரண்டும் எப்போதும் சரிசமமாகச் சுமப்பதில்லை, உள் டயருக்குக் காற்றோட்டமும் குறைவு, ஆகவேதான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அப்படிக் குறைத்தாலும் நான்கு டயர்களும் சேர்ந்து 5,140 கிலோ தாங்கும். அதே கேரவனை மாட்டியபோது பின்னச்சு 3,180 கிலோ காட்டியது. இடைவெளி 1,960 கிலோ. வண்டியின் அனுமதித்த மொத்த எடை 6,350 கிலோ, அதே ஆட்களோடும் சாமான்களோடும் அது 4,150 கிலோ இருந்தது. ஊன்றுசுமையைக் கழித்த பிறகும் 780 கிலோ மீதம். வண்டியின் சொந்த எடை முந்தையதைவிட 300 கிலோ கூடுதல் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

டெக்சஸ் மாநிலத்தில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதித்த மொத்த எடை 26,000 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 11,800 கிலோவைத் தாண்டினால், சொந்தப் பயன்பாடாக இருந்தாலும் ஏ வகை உரிமம் வேண்டும். தங்கையின் கணவர் அதை முறையாக எடுத்திருந்தார், என்னிடம் இல்லை. ஆகவே கேரவன் மாட்டியிருந்த நேரமெல்லாம் அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். வெறும் வண்டியை மட்டும் நான் ஓட்டினேன். உறவினர் வீட்டுக்குச் செல்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒற்றைச் சக்கர வண்டியில் ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஃபோர்ட் ஸ்டாக்டன் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பி மாரத்தான் வழியாகப் பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை போனோம். சான் அன்டோனியோவைத் தாண்டிய பிறகு நிலம் திறந்து கிடக்கிறது, காற்றைத் தடுக்க மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. கேரவனின் பக்கச் சுவரில் காற்று மோதும்போது வண்டியின் பின்பகுதி முதலில் ஒரு விரற்கடை அளவு நகர்ந்து, பிறகு திரும்பி வந்தது. ஆபத்து என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைச் சிறிதளவு திருத்திக்கொண்டே இருந்தார். பெரிய லோரி ஒன்று முந்திச் செல்லும்போதும் அதேதான். உயரமான ஒற்றை டயரின் பக்கச் சுவர் சுமைக்குக் கீழே வளைந்து நிமிர்வதால் வரும் அசைவு அது. மாலையில் இறங்கியபோது அவருடைய தோள்கள் இறுகிப்போயிருந்தன.

இரண்டு வாரங்கள் கழித்து இரட்டைச் சக்கர வண்டியில் அதே நெடுஞ்சாலையில் மீண்டும் சென்றோம். காற்று குறைவாக இல்லை. ஆனால் நான்கு பக்கச் சுவர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்வதாலும், வெளி டயர்கள் அகன்று நிற்பதாலும், அந்த முதல் நகர்வு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அவர் ஒரு கையைத் தொடையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். இந்த ஒரு காட்சிக்காகவே நான் இரட்டைச் சக்கரத்தின் பக்கம் சாய்ந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பத்து மணி நேரம் ஓட்டும் மனிதருக்குக் களைப்பு குறைவது ஆடம்பரம் அல்ல.

மாரத்தான் நகரை நெருங்கும்போது வெளி டயர் ஒன்றில் திருகாணி ஏறிக் காற்று இறங்கியது. சத்தம் மாறியதை இருவரும் உணர்ந்தோம், வண்டி இழுபடவில்லை, மெதுவாக ஓரம் கட்டினோம். பக்கத்து டயர் பிடித்துக்கொண்டதால் கிடைத்த அவகாசம் அது. ஆனால் இந்த அவகாசத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பின்னச்சின் ஒரு பக்கத்து எடை 1,590 கிலோ, தனியாக நிற்கும் டயர் தாங்குவதோ 1,400 கிலோ. "அடுத்த ஊர் வரை போய்விடலாமா மச்சான்?" என்று அவர் கேட்டபோது, "வேண்டாம் மாப்பிள்ளை, இங்கேயே மாற்றிவிடுவோம்" என்றேன். அப்படிப் போய் இரண்டு டயர்களையும் இழந்தவர்களைப் பிறை ஊரின் டயர் கடைகளில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனிக் குறைகள். இரட்டைச் சக்கர வண்டியின் பின்பகுதி அகலம் 2.4 மீட்டருக்குச் சற்று மேல், ஒற்றைச் சக்கர வண்டி ஏறத்தாழ 2 மீட்டர். பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கேரவன் இல்லாமல் வண்டியை ஓட்டிச் சென்றேன். அங்கே வழக்கமான நிறுத்துமிடக் கட்டம் ஒன்பதடி, அதாவது 2.74 மீட்டர். வண்டியை நடுவில் நிறுத்தினாலும் பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. வாகனம் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தோம். பின் சக்கரத்தை மூடும் தகடு வெளியே துருத்தி நிற்பதால், முன்பகுதி புகுந்த சந்தில் பின்பகுதி உரசும். தானியங்கிக் கழுவுமிடங்கள் பலவற்றில் இந்த வண்டியை ஏற்க மாட்டார்கள். வெறும் வண்டியாக ஓட்டும்போது பின்னால் எடை குறைவு, டயரோ நான்கு, ஆகவே மழைநீர் தேங்கிய சாலையில் ஒவ்வொரு டயரும் சாலையை அழுத்தும் விசை குறைந்து பிடி நழுவுகிறது. ஒரு மழை நாளில் இதை நானே உணர்ந்து வேகத்தைக் குறைத்தேன். மேடுபள்ளத்தில் பின்னிருக்கையில் இருப்பவர்கள் நன்றாகக் குலுங்குவார்கள்.

பராமரிப்பில் ஆறு டயர் என்பது நான்கு டயரின் ஒன்றரை மடங்குச் செலவோடு முடிந்துவிடுவதில்லை. ஜோடி டயர்கள் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். புதியதையும் தேய்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பெரியது சுமையைத் தூக்கிக்கொண்டு சூடாகும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கினால் எடுத்துவிட வேண்டும். உள் டயரின் காற்றைத் தடியால் தட்டி ஓசையில் கண்டுபிடிக்கும் பழக்கம் நம் லோரிக்காரர்களிடம் உண்டு, நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். முற்றிலும் காற்றிழந்த டயரை அது காட்டிக்கொடுக்கும், கால் பங்கு குறைந்ததைக் காட்டாது. அளவுமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: ஊன்றுசுமையையும் ஆட்களையும் சாமான்களையும் கூட்டிய பிறகு ஒற்றைச் சக்கர வண்டியில் நூறு இருநூறு கிலோவாவது மீதம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், நாள்தோறும் கடைக்கும் வேலைக்கும் அதே வண்டியில் போகிறவருக்கு அதுவே நல்லது. மீதம் இல்லை என்றால் கூடுதல் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவே கூடாது. அவை தாழ்ந்த வண்டியை நிமிர்த்தும், கதவில் ஒட்டிய எண்ணை மாற்றாது. கேரவனைக் குறைக்க வேண்டும், அல்லது இரட்டைச் சக்கரத்துக்குப் போக வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். அந்தப் பெரிய வண்டிகள் நம் விற்பனை நிலையங்களில் நிற்பதில்லை. ரேஞ்சர் போன்ற பிக்கப், பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் பத்தில் ஒரு பங்கு, 350 கிலோ, கொக்கியில் இறங்கும், அது வண்டியில் ஏற்றக்கூடிய ஏறத்தாழ ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஐந்து பேரும் சமையல் சாமான்களும் ஏறினால் மிச்சம் சொற்பம். இரண்டு டன்னுக்குட்பட்ட கேரவன் என்றால் ஒற்றைச் சக்கர பிக்கப் தாராளமாகப் போதும், பத்து பெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் போகும் வளைவுச் சாலையிலும் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையிலும் குறுகிய வண்டியே வசதி. வீட்டுப் பெட்டியைச் சிறிய லோரியின் முதுகில் நிரந்தரமாக ஏற்ற நினைப்பவர்கள் மட்டும் இரட்டை டயரைக் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும்: டெக்சஸில் டோல் கட்டணம் அச்சுகளின் எண்ணிக்கைப்படி அமைவதால் இரட்டை டயருக்குக் கூடுதல் இல்லை. நம் நெடுஞ்சாலைகளிலோ இரண்டு அச்சு, நான்கு சக்கரம் முதல் வகுப்பு. இரண்டு அச்சு, ஆறு சக்கரம் இரண்டாம் வகுப்பு. அந்த இரண்டு டயர்களுக்காக ஒவ்வொரு சாவடியிலும் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

தங்கை குடும்பம் கேரவனைக் குறைக்க மனமில்லாமல் இரட்டைச் சக்கர வண்டிக்கே மாறிவிட்டது. பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை ஆண்டுதோறும் நீண்ட பயணம் போவதாக இருக்கிறார்கள், அவர்களுடைய எடைக்கு அது சரியான முடிவு. நான் புறப்படும் முன் உள் டயர்களின் வால்வுக்கு நீட்டுக்குழாய் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆறு டயர்களின் காற்றளவையும் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்.